பர்னர் லாக்அவுட்டா? யூவி செல்லைக் கழற்றுவதற்கு முன்

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஸ்டீம் பாய்லர், பேட்டையில் பவுடர் கோட்டிங் அடுப்பு (ஓவன்), பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி லாண்டரி. இடம் எதுவானாலும் பர்னர் லாக்அவுட் ஆகி, அதாவது ரீசெட் செய்யும்வரை ஓடாதபடி பூட்டிக்கொண்டு நின்றால், போனில் வரும் பேச்சு ஒன்றுதான்: “அண்ணாச்சி, செல்லு போயிட்டு. வேற ஒண்ணு குடுத்து விடுங்க.” செல் என்று அவர்கள் சொல்வது பர்னரின் முகத்தில் திருகி வைத்திருக்கும் புறஊதா தீச்சுடர் உணரியை. ஸ்கேனர், கண்ணு, யூவி என்று ஆளுக்கொரு பெயர் உண்டு. இங்கே யூவி செல் என்றே வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் செல் நன்றாகத்தான் இருக்கும். புது செல் மாட்டியதும் பர்னர் ஓடிவிடுவது உண்மை. மாட்டும்போது கண்ணாடியைத் துடைத்திருப்பார்கள், லூசாக இருந்த கம்பியை இறுக்கியிருப்பார்கள். குணமானது அதனால். சில வாரம் கழித்துப் படலம் திரும்பப் படிந்ததும் அதே போன் வரும். அதனால் செல் வாங்கப் பணம் எடுக்கும் முன், என்ன அறிகுறி என்று பார்த்து அதற்கேற்ற இடத்தில் கை வையுங்கள்.

அது எதைப் பார்க்கிறது

செல்லுக்குள் இருப்பது வாயு நிரப்பிய ஒரு சின்னக் குழாய். உள்ளே இரண்டு மின்முனைகள், அவற்றுக்கு நடுவே சில நூறு வோல்ட். சும்மா இருக்கும்போது மின்சாரம் ஓடாது. சுடரிலிருந்து வரும் புறஊதா ஒளி எதிர்முனை உலோகத்தில் பட்டால் அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்பும். அது வேகமெடுத்து வாயு அணுக்களை மோதி உடைக்க, ஒன்று பலவாகி, நொடிப்பொழுதில் குழாய் முழுக்க மின்னிறக்கம் நடந்துவிடும். உடனே மின்சுற்று வோல்டேஜைக் கீழே இறக்கி அதை அணைக்கும். மறுபடி வோல்டேஜ் ஏறும், மறுபடி ஒளி பட்டால் மறுபடி துடிப்பு. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதை வைத்துத்தான் பர்னரை இயக்கும் கன்ட்ரோலர் சுடர் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்கிறது.

எந்த ஒளியானாலும் இது துடித்துவிடாது. டங்ஸ்டன் போன்ற உலோகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அலைநீளம் ஏறக்குறைய 275 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியிடம்தான் அவ்வளவு ஆற்றல் உண்டு. சந்தையில் கிடைக்கும் குழாய்கள் பெரும்பாலும் 185 முதல் 260 நானோமீட்டர் வரை பார்க்கும். சூரியனும் அந்த ஒளியை வெளிவிடுகிறது. ஆனால் வானத்தின் ஓசோன் படலம் 290க்குக் கீழே உள்ளதை ஏறத்தாழ முழுக்கத் தின்றுவிடுகிறது. நம் ஊர் சித்திரை வெயில் நேரே முகத்தில் அடித்தாலும் யூவி செல் அசையாமல் இருப்பது இதனால்தான். டியூப் லைட்டும் அதை ஏமாற்றாது, ஏனென்றால் டியூபின் கண்ணாடியே அந்த ஒளியை வெளியே விடாது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சாதாரணக் கண்ணாடி நமக்குப் பளிச்சென்று தெரியும், யூவிக்கு அது சுவர். கீழே வரும் கோளாறுகளில் பல இதிலிருந்து கிளம்புபவை.

தொடங்கும் முன் இரண்டு வார்த்தை

செல் டெர்மினலில் சில நூறு வோல்ட் இருக்கும், பவரை நிறுத்திவிட்டுத் தொடுங்கள். கேஸ் லைனின் கையால் மூடும் வால்வை அடைத்துவிட்டுச் சோதனை செய்யுங்கள். சுடர் தேவைப்படும் சோதனைக்கு மட்டும் திறந்தால் போதும்.

அப்புறம், செல்லை வெளியே எடுத்து அதன் முன்னால் லைட்டரைக் காட்டிக்கொண்டு பர்னரை ஓட்டுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன். ஷிப்டு முடிய ஒரு மணி நேரம்தானே என்று செய்கிறார்கள். உள்ளே சுடர் அணைந்தால் லைட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் செல் கேஸ் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். அறை நிறையக் கேஸ் சேர்ந்த பின் ஒரு பொறி போதும். லைட்டரைச் சோதனைக்கு எடுங்கள், ஓட்டுவதற்கு எடுக்காதீர்கள்.

அறிகுறி 1: சுடரே இல்லை, ஆனால் பேனலில் சுடர் விளக்கு எரிகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பர்னர் நின்றுபோவதைத்தான் எல்லாரும் பெரிய தொல்லையாக நினைக்கிறார்கள். எரியும்போது ‘எரியவில்லை’ என்று சொல்லும் செல் உற்பத்தியை நிறுத்தும், அவ்வளவுதான். எரியாதபோது ‘எரிகிறது’ என்று சொல்லும் செல் ஆளைக் கொல்லும்.

ஒழுங்கான கன்ட்ரோலராக இருந்தால், பற்ற வைக்கும் முன் உள்ளே தங்கிய கேஸை வெளியேற்றும் பர்ஜ் காற்று ஓடும்போதே சுடர் தெரிந்தால் மேலே போகாமல் அங்கேயே நிற்கும் அல்லது லாக்அவுட் ஆகும். “ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது” என்று ஆபரேட்டர் சொல்வது இதுவாகவும் இருக்கலாம். ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். பீப் ஹோல் வழியாக உள்ளே பாருங்கள். சோலினாய்டு வால்வு முழுக்க மூடாமல் உள்ளே நிஜமாகவே ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் செல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, கேஸை அடைத்துவிட்டு வால்வைப் பாருங்கள்.

உள்ளே இருட்டாக இருந்தால் வரிசையாக இப்படிப் போகலாம்:

1. செல்லைக் கழற்றி, அதன் வாயைக் கறுப்பு டேப்பாலோ உலோக மூடியாலோ முழுக்க மூடுங்கள். சிக்னல் போய்விட்டதா? அப்படியென்றால் உள்ளே எங்கிருந்தோ யூவி வருகிறது. இக்னிஷன் கம்பியில் எங்காவது பொறி கசிகிறதா பாருங்கள். இரண்டு பர்னர் எதிரெதிரே இருக்கும் அடுப்பானால் அடுத்த பர்னரின் சுடரைப் பார்க்கலாம். இன்னொரு விநோதமும் உண்டு: யூவி குழாய் துடிக்கும்போது தானே கொஞ்சம் யூவியை வெளிவிடும். இரண்டு செல்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.
2. மூடிய பிறகும் சிக்னல் இருக்கிறதா? கன்ட்ரோலரில் செல்லின் இரண்டு கம்பிகளையும் பவரை நிறுத்திக் கழற்றுங்கள். மறுபடி பவர் கொடுத்துப் பார்க்கையில் சிக்னல் இல்லையென்றால் கோளாறு செல்லிலோ கேபிளிலோ இருக்கிறது.
3. கம்பி இல்லாமலே சிக்னல் காட்டினால் ஆம்ப்ளிஃபையர் (செல்லின் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) அல்லது கன்ட்ரோலரே போய்விட்டது.

இரண்டாவது படியில் செல்தான் என்று முடிவானால், குழாய் வயதாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் வாயு கெட்டுப்போனால் மின்னிறக்கம் அணையாது. ஒட்டிக்கொண்ட காலிங் பெல் மாதிரி, யாரும் அழுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கும். துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. தூக்கிப் போடுங்கள். ‘சூடு ஆறினால் சரியாகிவிடுகிறது’ என்று ஸ்பேராக வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் நான் யோசிக்காமல் புது செல் வாங்கச் சொல்வேன்.

இதே கோளாறு பர்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சுடரும் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. அடுத்த ஸ்டார்ட்டில்தான் பர்ஜின்போது கன்ட்ரோலர் கண்டுபிடிக்கும். அதனால்தான் சாதாரண யூவி செல்லை 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நின்று கிளம்பும் பர்னருக்கு மட்டும் போடச் சொல்கிறார்கள். நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் பர்னருக்கு ஷட்டர் உள்ள செல் வேண்டும். அதில் ஒரு சின்ன மூடி சில நொடிக்கு ஒரு முறை குழாயை மறைக்கும். மறைத்த நேரத்தில் சிக்னல் போகவில்லையென்றால் கன்ட்ரோலர் பர்னரை நிறுத்திவிடும். காது கொடுத்துக் கேட்டால் டிக், டிக் என்று கேட்கும். விலை கூட என்று இதற்குப் பதில் சாதாரண செல்லைப் போட்டுவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். ஷட்டர் செல்லுக்கான ஆம்ப்ளிஃபையரில் சாதாரண செல்லை மாட்டினால் ஓடாமல் லாக்அவுட் ஆகும், அது நல்லதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றி ஓட வைத்துவிட்டால்தான் ஆபத்து.

அறிகுறி 2: பைலட் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சில நொடியில் லாக்அவுட்

அதிகமாக வருவது இதுதான். பைலட் என்பது மெயின் சுடரைப் பற்ற வைக்கும் சின்னச் சுடர். முதலில் ஒரு மீட்டரை மாட்டுங்கள். ஊகத்தில் வேலை செய்வதை நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை. எல்லா கன்ட்ரோலருக்கும் சிக்னல் அளக்க ஓர் இடம் இருக்கும். சிலவற்றில் மைக்ரோஆம்பியர், சிலவற்றில் டிசி வோல்ட். ஹனிவெல் 7800 வரிசையில் 1.25 வோல்ட்டுக்குக் குறைந்தால் சுடர் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எதுவோ அதன் புத்தகத்தில் குறைந்தபட்ச அளவு இருக்கும். அந்த அளவைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், ராத்திரி ஷிப்டில் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்காது.

செல்லை வெளியே எடுத்து ஒரு ஜான் தூரத்தில் லைட்டரையோ தீக்குச்சியையோ பற்ற வைத்துக் காட்டுங்கள், கேஸ் மூடியிருக்கட்டும். சிக்னல் ஏறுகிறதா?

ஏறவில்லை என்றால் செல், கேபிள், வோல்டேஜ் இந்த மூன்றில் ஒன்று. இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல செல்களில் எந்தக் கம்பி எந்த டெர்மினல் என்பது முக்கியம். ஹனிவெல் சிறிய செல்களில் நீலம் எஃப் டெர்மினலுக்கு, வெள்ளை ஜி டெர்மினலுக்கு. மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யாததோடு குழாயும் கெடலாம். கம்பி சரியென்றால் கன்ட்ரோலருக்கு வரும் சப்ளையை அளந்து பாருங்கள். பக்கத்தில் பெரிய மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழுந்தால் குழாய்க்குக் கிடைப்பதும் விழும், துடிப்பு குறையும்.

லைட்டருக்கு நன்றாக ஏறுகிறது, அடுப்பில் மாட்டினால் ஏறவில்லை என்றால் செல் நல்லது. சுடருக்கும் செல்லுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது அல்லது செல் வேறெங்கோ பார்க்கிறது.

நடுவில் இருப்பதில் முதல் சந்தேகம் கண்ணாடி. மெல்லிய எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது, யூவியை நிறுத்திவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் படக்கூடாது. உப்புத்தாள் தேய்க்கக்கூடாது, வேட்டி நுனியும் வேண்டாம்.

துடைத்தும் சரியாகவில்லையென்றால், அந்தக் கண்ணாடி யார் போட்டது என்று கேளுங்கள். சைட் பைப்பில், அதாவது செல் சுடரை நோக்கும் பைப்பில், இருக்க வேண்டியது குவார்ட்ஸ். அது உடைந்ததும் ஜங்ஷன் பக்கம் கண்ணாடிக் கடையில் வட்டமாக வெட்டி வாங்கிப் போட்டிருப்பார்கள். அளவு கச்சிதமாக இருக்கும், யூவி மட்டும் போகாது. ‘வெப்பம் தாங்கும் கண்ணாடிதான் சார்’ என்று போரோசிலிக்கேட் போட்டிருந்தாலும் பயனில்லை, அதுவும் இந்த அலைநீளத்தை மறைத்துவிடும். கண்டுபிடிப்பது லேசு: லைட்டருக்கும் செல்லுக்கும் நடுவே அந்தக் கண்ணாடியைப் பிடியுங்கள். மீட்டர் விழுந்தால் அது குவார்ட்ஸ் இல்லை, அல்லது இன்னும் அழுக்காக இருக்கிறது.

பார்வைக் கோணம் அடுத்தது. சுடரின் அடிப்பகுதியில்தான், அதாவது பர்னர் வாயிலிருந்து முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் யூவி அடர்த்தியாக இருக்கும். நீளமாக, அழகாக ஆடும் சுடரின் நுனியைப் பார்க்கும்படி செல்லை வைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். பைலட் சுடரும் மெயின் சுடரும் சேரும் இடத்தை, அடியை ஒட்டிப் பார்க்க வேண்டும். சைட் பைப்பைக் கண்ணால் நோக்கினால் சுடரின் அடி நடுவில் தெரிய வேண்டும். பைப் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் பெரிய அளவுக்கு மாற்றுங்கள். செல் மேலேயும் சுடர் கீழேயும் இருக்கும்படி சரிவாக வைத்தால் கரியும் தண்ணீரும் செல்லின் மேல் தங்காது.

இன்னொன்று: மீட்டர் பொறி அடிக்கும்போது ஏறி, பொறி நின்றதும் விழுகிறதா? செல் பார்ப்பது பொறியை, சுடரை அல்ல. மின்பொறியில் யூவி தாராளமாக உண்டு. கேஸை மூடிவிட்டு இக்னிஷனை மட்டும் ஓட விட்டால் உறுதியாகிவிடும். மீட்டர் ஏறினால் செல்லின் கோணத்தையோ எலக்ட்ரோடின் இடத்தையோ மாற்றியே ஆக வேண்டும்.

டீசலிலிருந்து எல்பிஜிக்கு மாறிய இடங்களில் இந்த அறிகுறிக்கு வேறொரு காரணமும் இருக்கும். டீசல் பர்னரில் வெளிச்சத்தைப் பார்க்கும் போட்டோசெல் இருந்திருக்கும். மஞ்சள் சுடரைப் பார்த்துப் பழகிய அதற்கு கேஸின் நீலச் சுடர் இருட்டு மாதிரிதான். கண்ணாடி துடைத்தும் பலனில்லை. யூவி செல்லும் அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலரும் வேண்டும்.

அறிகுறி 3: பைலட்டில் சிக்னல் நன்றாக இருக்கிறது, மெயின் வந்ததும் விழுகிறது

காற்று அதிகமாக இருந்தால் சுடர் பர்னர் வாயை விட்டுத் தள்ளிப்போகும், செல் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. காற்றளவைக் கட்டுப்படுத்தும் டேம்பரையும் கேஸ் அழுத்தத்தையும் சரிசெய்துவிட்டு அப்புறம் செல்லைப் பாருங்கள்.

டீசல், ஃபர்னஸ் ஆயில் பர்னரானால் சுடரின் அடியில் இன்னும் எரியாத எண்ணெய்த் துளிகளும் ஆவியும் திரைபோல நிற்கும், அவை யூவியை விழுங்கும். எண்ணெயைத் தெளிக்கும் நாசில் தேய்ந்து துளி பெரிதானால் திரை தடிக்கும். கறுப்புப் புகை வரும் பர்னரில் யூவி செல்லைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை, புகையும் யூவியை மறைக்கும். நாசிலை மாற்றி, எரிப்பைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி 4: சில மணி நேரம் ஓடி நிற்கிறது, ஆறிய பின் மறுபடி ஓடுகிறது

சூடுதான். பல யூவி செல்கள் 60 டிகிரி வரைதான் தாங்கும், சில 80 வரை, சில மாடல்கள் 100ஐ ஒட்டித் தாங்கும். தகரக் கூரை பாய்லர் ரூமில், வெளியே 40 டிகிரி அடிக்கும் மே மாதத்தில், பர்னர் முகத்தை ஒட்டி இருக்கும் செல்லுக்கு என்ன சூடு இருக்கும் என்று தெர்மாமீட்டர் வைத்து ஒரு தடவை பாருங்கள். சைட் பைப்புக்குள் குளிர்ந்த காற்றை ஊத விடலாம், அது கண்ணாடியில் கரி படிவதையும் தடுக்கும். செல்லுக்கும் பைப்புக்கும் நடுவே சூடு கடத்தாத நிப்பிள் போடலாம். அந்தக் காற்றைக் கம்ப்ரசரிலிருந்து எடுத்தால் எண்ணெய் வடிகட்டி அவசியம். இல்லையென்றால் நீங்களே கண்ணாடிக்கு எண்ணெய் பூசுகிறீர்கள்.

சூடு கூடாத மாதத்திலும் இப்படி நின்றால், ஆனி, ஆடியில் மட்டும் வருகிறதா என்று லாக்புக்கைப் புரட்டுங்கள். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் இரண்டின் வழியாகவும் மேல்காற்று கொட்டும் காலம் அது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், குட்டையான புகைபோக்கிகளுக்குத் திண்டாட்டம். வாயில் காற்று அடித்து இழுவை மாறினால் சுடர் அலைபாயும். சுடர் போய் ஒரு நொடியிலிருந்து நான்கு நொடிக்குள் வால்வு மூட வேண்டும் என்பதுதான் கன்ட்ரோலரின் அமைப்பு. ஒரு பலத்த வீச்சு போதும். புகைபோக்கிக்குத் தொப்பி, டிராஃப்ட் டேம்பர் இவற்றைக் கவனியுங்கள்.

அறிகுறி 5: மழைக்காலத்தில் மீட்டர் ஆடுகிறது

கேபிள். செல்லின் சிக்னல் மைக்ரோஆம்பியர் அளவு, ஜங்ஷன் பாக்ஸில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அது வழியிலேயே கசிந்துவிடும். கேபிள் நுழையும் கிளாண்டு இறுக்கமா, பாக்ஸின் மூடிக்கு ரப்பர் இருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கட்டடங்களானால் தரையை ஒட்டிய பைப்புக்குள் வண்டல் தங்கியிருக்கலாம். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் பிடித்தபடி இருக்கும். அந்த நீளத்தைப் புதுக் கேபிளாக மாற்றுவதுதான் வேலை மிச்சம்.

இக்னிஷன் கேபிளையும் செல்லின் கேபிளையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் பக்கத்தில் ஓடினால் செல்லின் கம்பியில் பொய்ச் சிக்னல் ஏறும். இது முதல் அறிகுறிக்கும் காரணமாகலாம்.

அறிகுறி 6: தீ எச்சரிக்கை சும்மா சும்மா அலறுகிறது

இனி வருவது பர்னரில் இருக்கும் செல் அல்ல. கொட்டகையின் மூலையிலும் எரிபொருள் இறக்கும் மேடையிலும் தொங்கி, எங்காவது தீப்பிடிக்கிறதா என்று பார்க்கும் யூவி டிடெக்டர். உள்ளே அதே வகைக் குழாய்தான், வேலை நேர்மாறு. பர்னரில் எப்போதும் சுடரைப் பார்க்க வேண்டும், இங்கே எப்போதும் பார்க்காமல் இருக்க வேண்டும். அதனால் பொய் எச்சரிக்கைதான் இங்கே பெரிய தலைவலி.

முதல் எதிரி வெல்டிங். ஆர்க் முழுக்க யூவி, அதுவும் டிடெக்டருக்குப் பிடித்த அலைநீளத்தில். அந்தக் கொட்டகையில் வெல்டிங் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்த காம்பவுண்டில் கேட்டுக்கு வெல்டிங் வைத்தாலும் நேர்ப்பார்வை இருந்தால் அலறும். எச்சரிக்கை வந்த நேரத்தையும் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். காரணம் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

மின்னல் இரண்டாவது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அலறினால் அதுதான். மின்னல் ஒரு நொடிக்கும் குறைவு என்பதால், டிடெக்டரில் இரண்டு மூன்று நொடி தாமதம் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குழாய் தானாக மில்லிநொடிகளில் பதில் சொல்லக்கூடியது. அவசரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அமைதியை வாங்குகிறோம். வெல்டிங்குக்கு இந்தத் தாமதம் போதாது, ஆர்க் அதைவிட நேரம் நிற்கும்.

கடலோரத்தில், உவரி, கூடங்குளம் பக்கம், உயர் அழுத்த மின்கம்பத்தின் இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்து, அதிகாலைப் பனி ஈரத்தில் லேசாகப் பொறி கசியும். கொரோனா எனப்படும் அந்த மின்கசிவிலும் யூவி உண்டு. விடிகாலையில் மட்டும் வரும் எச்சரிக்கைக்கு அந்தத் திசையைப் பாருங்கள். பைப் வெல்டை எக்ஸ்ரே, காமா கதிர் வைத்துச் சோதிக்கும் வேலையும் டிடெக்டரைக் கிளப்பும். அந்தக் கதிர் கூட்டைத் துளைத்துப் போய்க் குழாயின் வாயுவை நேராக உடைத்துவிடும். மறைத்துப் பயனில்லை, வேலை முடியும்வரை அந்த டிடெக்டரைத் தனிமைப்படுத்தி, ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

நிரந்தரத் தீர்வு யூவியோடு இன்ஃப்ராரெட்டையும் சேர்த்துப் பார்க்கும் டிடெக்டர். இரண்டும் ஒரே நேரத்தில் ஆமென்றால்தான் மணி அடிக்கும். வெல்டிங், மின்னல், எக்ஸ்ரே என்று பொய்யெல்லாம் பெரும்பாலும் இதில் வடிகட்டப்படும்.

அறிகுறி 7: சோதனைத் தீக்கு அலறவில்லை

இது மேலே சொன்னதைவிட மோசம், ஆனால் காரணங்கள் குறைவு. ஜன்னலில் தூசி, எண்ணெய். உப்பளப் பக்கமானால் உப்பு. பெயிண்ட் கூடத்தில் டொலுவீன், அசிட்டோன் ஆவி காற்றில் நிறைந்திருந்தால் அந்த ஆவியே யூவியை விழுங்கும், கண்ணாடி சுத்தமாக இருந்தாலும். யாரோ ‘பாதுகாப்புக்கு’ என்று முன்னால் அக்ரிலிக் மூடி போட்டிருந்தால் டிடெக்டர் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி ஆகிவிடும், கழற்றிவிடுங்கள். அப்புறம் தூரம்: இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்கு. ஐரோப்பிய தர அளவான ஈஎன் 54-10 இவ்வகை டிடெக்டர்களை 25, 17, 12 மீட்டர் என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. உங்களுடையது எந்த வகுப்பு என்று பார்க்காமல் கொட்டகையின் மறுகோடிக்கு நம்பிக்கை வைக்கக்கூடாது.

எங்கே யூவி, எங்கே வேண்டாம்

கேஸ் பர்னருக்கு யூவிதான் முதல் தேர்வு. சிவக்கக் காய்ந்த செங்கல் சுவரைப் பார்த்து ஏமாறாது, சுவர் 1300 டிகிரியை நெருங்கும்வரை. சிமென்டாக அரைக்கும் கட்டியான கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டிய சிமென்ட் சூளையில் அந்தச் சலுகை கிடையாது. நிலக்கரித் தூள் வேறு யூவியை மறைக்கும். அங்கே சுடரின் துடிப்பைப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகைதான். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் உமி போட்டு எரிக்கும் ரைஸ் மில் அடுப்புக்கு இந்தக் கருவியே தேவையில்லை. உமிக் கிடங்கில் தீ எச்சரிக்கைக்கும் இதை வைக்காதீர்கள். உமி சுடர் இல்லாமல் நாள்கணக்கில் கனியும், கனியும் நெருப்பில் யூவி கிடையாது.

ஹைட்ரஜன், மெத்தனால் இருக்கும் இடத்துக்கு யூவியைவிடப் பொருத்தமானது குறைவு. ஹைட்ரஜன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. அது நம் நெல்லை மாவட்டத்துக்கு அந்நியமான எரிபொருளும் அல்ல, மகேந்திரகிரியில் இஸ்ரோ திரவ ஹைட்ரஜனால் ஓடும் கிரையோஜெனிக் என்ஜின்களைச் சோதிக்கிறது. ஹைட்ரஜனுக்கு யூவி-இன்ஃப்ராரெட் கூட்டு வகை வாங்கினால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான மாடலின் இன்ஃப்ராரெட் பாதி 4.3 மைக்ரோமீட்டரில் கார்பன் டை ஆக்சைடைத் தேடும். ஹைட்ரஜன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏது? நீராவியின் அலைநீளத்தைப் பார்க்கும் மாடல் வேண்டும், இல்லையென்றால் தனி யூவி.

வெல்டிங் பட்டறை, லேத் ஷெட், வண்டி ரிப்பேர் கொட்டகை இவற்றில் தனி யூவி டிடெக்டர் வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்தில் யாராவது அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஸ்பேர் செல் வாங்குவதானால், குழாயின் ஆயுள் பல மாடல்களில் 10,000 மணி நேரம் என்று கணக்கு. நிற்காமல் ஓடினால் பதினான்கு மாதத்துக்கும் குறைவு. மாட்டிய தேதியை செல்லின் முதுகிலேயே மார்க்கரால் எழுதுங்கள். வாரம் ஒரு முறை மீட்டர் அளவை லாக்புக்கில் குறியுங்கள். மெதுவாக இறங்கினால் கண்ணாடியைத் துடையுங்கள், துடைத்தும் ஏறவில்லையென்றால் செல்லை மாற்றுங்கள்.